ஆள் இல்லை

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இருப்பதெல்லாம் சக்கரம் வைத்தவை. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும், எழுந்தால் பின்னால் ஓடும். இதில் முதுகு நேராக நிற்கிறது. டீயும் சூடாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் என் வேலை என்னவென்று தெரியாமல் அந்த வரி உங்களுக்கு விளங்காது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். எழுதிக்கொள்ள நேரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நிறுத்துகிறேன்.

நான் குடியிருப்புச் சரிபார்ப்பாளன். ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பத்து வருடத்துக்கு முன்பு இப்படியொரு வேலையே கிடையாது. வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வந்தது. நல்ல சட்டம்தான், அதைப் பற்றி நான் ஒருநாளும் குறை பேசியதில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவரை, இடித்துக் கட்டுகிறோம் என்று சொல்லித் தெருவில் விட முடியாது. புதுக் கட்டடத்தில் அதே அளவு வீட்டை, அதே வாடகைக்கு அவருக்குத் தர வேண்டும். ஆனால் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வேறெங்கோ இருந்துகொண்டு உரிமை கொண்டாடுகிறவர்களும் உண்டல்லவா. அவர்களுக்காக ஒரு விதி வைத்தார்கள். தொடர்ந்து அறுபது நாள் வீட்டில் ஆள் இல்லையென்றால் உரிமை போய்விடும். இடையில் ஒரே ஒரு இரவு வந்து படுத்துவிட்டுப் போனாலும் போதும், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

இதைப் பார்த்துச் சொல்ல நடுநிலையான நிறுவனம் வேண்டும் என்றது சட்டம். நாங்கள்தான் அந்த நடுநிலை. எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது கட்டட உரிமையாளர்கள். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அதில் நான் ஓணான். இருந்தாலும் வேலையைச் சுத்தமாகச் செய்வேன். மூன்று வருடத்தில் நானூறு வீடு பார்த்திருக்கிறேன். என் அறிக்கை தவறு என்று ஒரு முறைகூடத் திரும்பி வந்ததில்லை.

ஆள் இருப்பதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. குளியலறைச் சோப்பில் விரலை வைத்தால் தெரியும். வழவழப்பாக இருந்தால் காலையில் ஆள் இருந்திருக்கிறது. காய்ந்து வெடித்திருந்தால் ஆள் போய்ப் பத்து நாளாவது ஆகிறது. நாம் வருவது தெரிந்து டூத் பிரஷ்ஷைக் குழாயில் நனைத்து வைப்பவர்கள் உண்டு. பிரஷ் நனைந்திருக்கும், அது நிற்கும் டம்ளரின் அடி காய்ந்திருக்கும். ஒருவர் குப்பைக்கூடையில் ஆறு வாழைப்பழத் தோலைப் போட்டு வைத்திருந்தார், எல்லாம் ஒரே நாள் தோல். ஒரே வேளையில் ஆறு பழம் சாப்பிடுகிற மனிதர் அந்த வயிற்றோடு வீட்டில்தானே இருந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அவரும் சிரித்துவிட்டார். எல்லாம் பார்த்து முடித்ததும் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். ஆள் உண்டு. ஆள் இல்லை. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். காரணம் எழுத இடம் கிடையாது.

இனி கட்டடத்துக்கு வருகிறேன். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, லிஃப்ட் இல்லை. அதை ஒரு முதலீட்டு நிதி வாங்கியது. நிதி என்றால் அதற்கென்று ஒரு முதலாளி முகம் கிடையாது. எங்கெங்கோ இருக்கிற ஆயிரம் பேர் ஆளுக்கொரு துண்டு வைத்திருப்பார்கள், பாதிப் பேருக்குத் தாங்கள் எந்தத் தெருவை வாங்கியிருக்கிறோம் என்றே தெரியாது. பழையதை இடித்துவிட்டு எண்பத்துநான்கு வீடு கட்டுவது திட்டம். வரைபடத்தைக் காட்டியே புது வீடுகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டார்கள். கட்டுவதற்கு வங்கி கடன் தர வேண்டும். வங்கி ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. குறிப்பிட்ட தேதிக்குள் பாதுகாப்புள்ள வாடகைதாரர் ஒருவர்கூட அந்தக் கட்டடத்தில் இல்லை என்று சான்று வேண்டும்.

பதினோரு வீட்டுக்காரர்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது மூன்றாம் மாடியில் டெய்லரம்மா.

அவர்களுக்கு எழுபத்தொரு வயது. கணவர் போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைப்பார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை நான் போவேன். முதல் முறை போனபோதே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உனக்கு வலது தோள் ஒரு விரல் இறக்கம், எந்தக் கடைச் சட்டையும் உனக்குச் சரியாக உட்காராது என்றார்கள். சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, நான் சோப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதற்குள் தோளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் அன்றைக்குத்தான் என் மேல் ஒரு சட்டை ஒழுங்காக நின்றது. அதற்குப் பிறகு எந்தச் சட்டை வாங்கினாலும் முதலில் அங்கேதான் போகும். என் பிரஷ் இன்றைக்கும் பாஸா தம்பி என்று ஒவ்வொரு முறையும் கேலி செய்வார்கள். ஆள் உண்டு என்று அவர்கள் கண் முன்னாலேயே டிக் அடித்துக் காட்டுவேன்.

இழப்பீட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள் என்று எங்கள் மேலாளர் என்னிடம் சொல்லியிருந்தார். சொன்னேன். அப்போது அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"வயசான தனி ஆளுக்கு யாரு தம்பி வீடு தர்றாங்க? எட்டு எடம் போய்ப் பாத்துட்டேன். செத்துட்டா யாரு வந்து எடுப்பாங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க. இந்த வீட்ட விட்டா எனக்கு அடுத்தது ரோடுதான்."

அது நூற்றுக்கு நூறு உண்மை. எந்தத் தெருவில் யார் வீடு கொடுப்பார்கள், கொடுக்க மாட்டார்கள் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும். அதை மறைத்துப் பேச நான் வரவில்லை.

எண்பத்துநான்கு வீட்டில் ஒன்று எங்களுடையது. ஐந்தாம் மாடி, இரண்டு ஜன்னல். வீடு பதிந்திருப்பவன் அந்தக் கட்டடத்தைச் சரிபார்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் என் மனைவியின் பெயரில் பதிந்தோம். இப்போது மூன்று பேரும் மச்சான் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறோம். பதினான்கு வயது மகள் பீரோக் கதவைத் திறந்து வைத்து அதன் பின்னால் நின்று உடை மாற்றுகிறாள். நான் அந்த நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மச்சானின் மனைவி ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கேஸ் தீர்ந்துபோகும் நாளில் மட்டும் எங்களுக்குக் கேட்கும்படி பெருமூச்சு விடுவார். எட்டு வருடமாகக் கேட்கிறோம். நான் பரிதாபம் சம்பாதிக்க இதைச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் எண்பத்துநான்கு குடும்பம், இன்னொரு பக்கம் ஒரு ஆள். யார் போட்டாலும் கணக்கு அப்படித்தான் வரும்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சரிபார்க்கப் போனபோது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் டெய்லரம்மா விழுந்து கிடந்தார்கள். படிக்கட்டில் பகலிலும் இருட்டு, பல்பு எரிந்துபோய் மாதக்கணக்காகியிருந்தது. அவர்கள் விழுந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பல்பு மாற்ற வேண்டியது நிதியின் பராமரிப்புப் பிரிவு, இரண்டு முறை நானே எழுதிப் போட்டிருக்கிறேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான். கூடவே போனதும் நான். இடது இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆபரேஷன் முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சேர்க்கைப் படிவத்தில், உடன் வந்தவர் யார் என்ற இடத்தில் தெரிந்தவர் என்று எழுதினேன்.

மருத்துவமனையில் இருக்கும் நாட்கள் அறுபதில் சேராது. சட்டம் அந்த அளவுக்கு ஈவிரக்கம் உள்ளதுதான். ஆனால் இருபத்தொரு நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் நேரில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நானே படிவத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானே நிரப்பினேன். படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்கள், எழுத்து கோணிக்கொண்டு போனது. அந்த ஆஃபீஸ் ஆட்களை உனக்குத்தானே தம்பி தெரியும், நீயே கொடுத்துவிடு என்றார்கள். கொடுக்கத்தான் எடுத்துக்கொண்டு போனேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அன்றைக்கு வரிசை வாசல் தாண்டி நின்றது. நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டேன்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். டெய்லரம்மாவின் ஒன்பதாம் எண் வீட்டில் என்ன நிலைமை என்று கேட்டார். ஆள் இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், படிவம் என் பையில் இருக்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நம்ம வேல ஆள் இருக்கா இல்லையான்னு பாக்குறது. ஏன் இல்லன்னு பாக்குறது நம்ம வேல இல்லப்பா."

அவ்வளவுதான். படிவத்தைக் கொடுக்காதே என்று அவர் சொல்லவில்லை. எழுதும்போது அதைத் தெளிவாக எழுதுங்கள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நானும் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்த நாள் வேறு வேலை இருந்தது. அதற்கடுத்த நாள் மழை. படிவத்தை நான் கிழிக்கவில்லை, ஒளிக்கவுமில்லை. இப்போதும் இந்தப் பையில்தான் இருக்கிறது. ஈரம் படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

தினமும் சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனேன். ரொட்டி வாங்கிப் போவேன், ஆரஞ்சு உரித்துக் கொடுப்பேன், செய்தித்தாளில் பெரிய எழுத்துகளை மட்டும் படித்துக் காட்டுவேன். முதல் வாரம் போனது வேலைக்காகத்தான், அவர்கள் எப்போது வீடு திரும்புவார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிறகு அந்த ஒரு மணி நேரம் எனக்கே பிடித்துப்போயிற்று. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நல்ல நேரம் அதுதான். மச்சான் வீட்டில் எனக்கென்று உட்கார ஒரு நாற்காலி கிடையாது. அங்கே கட்டிலோரத்தில் ஒரு ஸ்டூல் எனக்காகவே இருக்கும். வேறு யாராவது இழுத்தால், அது தம்பியுடையது என்று டெய்லரம்மா தடுத்துவிடுவார்கள். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று வார்டு சிஸ்டர் நாலு பேர் முன்னால் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்தொன்றாம் நாள் சாயங்காலமும் நான் அங்கேதான் இருந்தேன். படிவத்தைக் கொடுத்துவிட்டாயா தம்பி என்று கேட்டார்கள். கொடுத்தாச்சும்மா என்றேன். அது பொய். என் கணக்கில் முதல் பொய்யாக அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இருபத்தாறாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எலும்பு கூடி வருகிறது, வாக்கர் என்கிற கைப்பிடிச் சட்டத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் நடக்கிறார்கள், பார்த்துக்கொள்ளத் துணை இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

"வீட்டுல ஆள் இருக்கா?"

"ஆள் இல்ல டாக்டர்."

நான் சொன்னதில் பொய்யில்லை. அன்று மத்தியானம்தான் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சோப்பைத் தொட்டுப் பார்த்து, ஆள் இல்லை என்று டிக் அடித்துவிட்டு வந்திருந்தேன். வீட்டில் ஆள் இல்லாததால் டாக்டர் அவர்களை அனுப்பவில்லை. டாக்டர் அனுப்பாததால் வீட்டில் ஆள் இல்லை. யாரையும் நான் கட்டிப்போடவில்லை. மூன்று மாடி ஏற வேண்டும், லிஃப்ட் இல்லை, படியில் பல்புகூட இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அதுவும் உண்மை. டாக்டர் என் அக்கறையை மெச்சிவிட்டு, இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று எழுதினார்.

டெய்லரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மெஷினுக்குத் தூசி ஏறும், ஜன்னலைச் சரியாகச் சாத்தினேனா என்று ஞாபகம் இல்லை, நான் எப்போது வீட்டுக்குப் போவேன் என்று தினமும் கேட்டார்கள். அவசரப்படாதீங்கம்மா, முழுசாகக் குணமாகட்டும் என்று நானும் தினமும் சொன்னேன். சாவியை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். மெஷின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு வந்து, மூடிவிட்டேன் என்று சொன்னேன். அன்றைக்கு மட்டும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஐம்பத்தைந்தாம் நாள் போனபோது முகம் பளிச்சென்று இருந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த அம்மாள் ஒரு கதை சொல்லியிருக்கிறார். அவருடைய உறவுக்காரர் ஒருவர் படிவம் கொடுத்தும், அலுவலகத்தில் அதைத் தொலைத்துவிட்டதால் வீடு போய்விட்டதாம். அதைக் கேட்டதிலிருந்து டெய்லரம்மாவுக்குப் பயம். என் மேல் சந்தேகம் துளியும் இல்லை. அந்த அலுவலகத்தின் மேல்தான் சந்தேகம். அதனால் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார்கள். படுத்த வாக்கிலேயே வார்டு ஆயாம்மாவின் இரண்டு சீருடைக்கும் கையால் மடிப்புத் தைத்துக் கொடுத்து அவரைச் சிநேகம் பிடித்திருந்தார்கள். அந்த ஆயாம்மா ஒரு ராத்திரி கூட வந்து தங்குவதாகச் சொல்லிவிட்டார். டாக்டரும் ஒரு நாளுக்கு அனுமதி எழுதிவிட்டார்.

"ஒரே ஒரு ராத்திரி என் கட்டில்ல படுத்துட்டு வந்துட்டா போதும்ல தம்பி? மறுபடி ஒண்ணுல இருந்துதான எண்ணணும்?"

விதியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். ஆமாம்மா என்றேன். ஐம்பத்தேழாம் நாள், நாலு மணிக்கு, நீயே வந்து கூட்டிப் போ, படியில் ஆயாம்மா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் என்றார்கள். படி கஷ்டம், விஷப்பரீட்சை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கைப்பிடிச் சட்டத்தை ஊன்றி, கட்டிலிலிருந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி நடந்து காட்டினார்கள். வார்டே பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வங்கி வைத்த தேதிக்கு அப்போது இருபது நாள்கூட இல்லை. அவர்கள் அன்று ராத்திரி வீட்டில் படுத்தால், அடுத்த அறுபது நாளைக்குச் சான்று கிடையாது, அதற்குள் கடன் கைவிட்டுப் போகும். நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள், வேலை என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

ஐம்பத்தேழாம் நாள் இரண்டு மணிக்கே போய்விட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. டெய்லரம்மாவும் தூங்கினார்கள். வீட்டுக்குப் போகத் தலையை வாரிப் பின்னி, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு தயாராகப் படுத்திருந்தார்கள். கைப்பிடிச் சட்டம் கட்டிலோரம் நின்றது. அதற்கு நாலு கால், நாலு காலின் அடியிலும் வழுக்காமல் இருக்க ரப்பர் மூடி மாட்டியிருக்கும். இடது முன்கால் ரப்பரைத் திருகிக் கழற்றினேன். இறுக்கமாக இருந்ததால் கைக்குட்டையைச் சுற்றிக் கழற்ற வேண்டியிருந்தது. அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குத் தரை துடைக்க வந்தார்கள். ஈரம் காய்வதற்கு முன் அவர்களை எழுப்பினேன். கிளம்பலாமா அம்மா என்று கேட்டேன்.

ஒரு வாரம் தள்ளிப்போகட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். கொஞ்சம் சறுக்கும், பயந்து உட்கார்ந்துவிடுவார்கள், டாக்டர் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்பதுதான் என் கணக்கு. ஐந்தாவது அடியில் கைப்பிடிச் சட்டம் பக்கவாட்டில் ஓடியது. வலது பக்கமாக விழுந்தார்கள். நான் ஒன்றரை அடி தூரத்தில் நின்றேன். பிடித்திருக்கலாம். இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டுச் சிஸ்டர் ஓடி வந்தார். தூக்கிக் கட்டிலில் போடும்போது டெய்லரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உதடு வெளுத்திருந்தது. அவர்கள் என்னிடம் முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

"நீ பிடிக்கலன்னு மனசுல வெச்சுக்காத தம்பி. என் கால்தான் சரியில்ல."

நான் சரிம்மா என்றேன்.

உடைந்தது இந்த முறை வலது இடுப்பு. மறுபடி ஆபரேஷன், பிறகு காய்ச்சல். அறுபத்தொன்றாம் நாள் காலை நான் மூன்றாம் மாடிக்குப் போனேன். சோப்பு நாலாக வெடித்திருந்தது. பிரஷ் ஈர்க்குச்சி மாதிரி காய்ந்திருந்தது. ஆள் இல்லை என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் எழுந்து வந்து கை கொடுத்தார். அன்று சாயங்காலமும் வழக்கம்போல ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன், அவர்கள் சாப்பிடும் நிலையில் இல்லை. அறுபத்துநாலாம் நாள் மத்தியானம் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து உயிர் போய்விட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இப்போது நீங்கள் என்னைக் கூப்பிட்ட விஷயத்துக்கு வருகிறேன். உடலை வாங்கிக்கொள்ள ஒரு படிவம் உண்டு. அதில் உறவு என்று ஒரு கட்டம். தெரிந்தவர் என்று எழுதப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா, தெரிந்தவருக்கெல்லாம் கொடுக்க முடியாது, சொந்தம் யாரும் வரவில்லையென்றால் கேட்பாரற்ற உடல் என்று எழுதித் தனி வண்டியில் ஏற்றிவிடுவோம் என்றார். செத்துட்டா யார் வந்து எடுப்பார்கள் என்று எட்டு வீட்டு வாசலில் கேள்வி வாங்கியவர்கள் அவர்கள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மகன் என்று எழுதினேன். செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, குறையில்லாமல் அனுப்பிவைத்தேன். அவர்களுக்காக அழுதேன். அந்த அழுகை பொய் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு அதை மறந்தது என் பிழைதான். சான்று கைக்கு வருவதற்கு முன் வாடகைதாரர் இறந்துபோனால், மகனோ மகளோ ஆட்சேபம் சொல்லத் தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு. அதுவரை அந்த வீட்டைக் காலி என்று சான்றளிக்க முடியாது. இறப்புப் பதிவில் மகன் என்று இருந்ததால், பதிவு அலுவலகம் சான்றை நிறுத்திவிட்டு மகனுக்குக் கடிதம் எழுதியது. கடிதம் மச்சான் வீட்டுக்கு என் பெயருக்கே வந்தது. உங்கள் தாயார் இறந்ததற்கு வருந்துகிறோம் என்று தொடங்கியிருந்தது. மச்சான் அதைப் பிரித்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. என் அம்மா அவருடைய கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவள்.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மகன் இல்லை, தவறுதலாக எழுதிவிட்டேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடு, மறுநாளே சான்று வந்துவிடும் என்றார். கெஞ்சினார், மிரட்டினார். மனைவி அழுதாள். இரண்டு வரிதான். நான் எழுதவில்லை. பேனாவை எடுத்து உட்கார்ந்தும் பார்த்தேன், கை ஓடவில்லை. வங்கியின் தேதி போனது, கடன் போனது. நிதி அந்தக் கட்டடத்தை வேறொரு நிதிக்கு விற்றுவிட்டது. அவர்களுக்குக் கட்டுகிற எண்ணமே இல்லை, விலை ஏறும்வரை பூட்டி வைத்திருப்பார்களாம். எண்பத்துநான்கு குடும்பத்துக்கும் வீடு கிடையாது. போட்ட பணம் எப்போது திரும்பி வரும் என்று சொல்லவும் ஆள் கிடையாது. போன மாதம் சட்டத்தையும் திருத்திவிட்டார்கள். பாதுகாப்புள்ள வாடகைதாரரை ஊருக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் குடிவைக்கலாமாம். நாலைந்து மாதம் பொறுத்திருந்தால் எதுவுமே தேவைப்பட்டிருக்காது. மகள் இப்போதும் பீரோக் கதவுக்குப் பின்னால்தான் உடை மாற்றுகிறாள். எனக்கு எதிலும் நம்பிக்கை மிச்சமில்லை. அதனால்தான் இவ்வளவு அமைதியாகப் பேச முடிகிறது என்று நினைக்கிறேன்.

மேலாளர் கொடுத்த புகாரில் என் மேல் இருப்பது ஒரே குற்றம்தான். உறவைப் பொய்யாக எழுதினேன் என்பது. மற்றது எதுவும் உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். நானாகத்தான் சொன்னேன். இதோ, பதிவு அலுவலகத்தில் கொடுக்காத படிவம். இதோ, அந்த ரப்பர். படிவத்தைக் கொடுக்காதது நான். டாக்டரிடம் ஆள் இல்லை என்றது நான். ரப்பரைக் கழற்றியது நான், ஈரத்தரையில் எழுப்பி நடக்கவிட்டது நான், பிடிக்காமல் நின்றது நான். அவர்களைக் கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மகன் என்று எழுதியதைப் பொய் என்று எழுதாதீர்கள். அதில் மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அறுபத்துநாலு நாளில் ஒரு சாயங்காலம்கூட நான் போகாமல் இருந்ததில்லை, வார்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவர்களுக்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.